பாப்பா கடைசியாகச் சொன்னது

குடிகாரனோடு குடித்தனம் நடத்துவது ஒரு பாடு என்றால், திருந்தியவனோடு நடத்துவது இன்னொரு பாடு. இதை அவள் வாய்விட்டுச் சொன்னால் சபையே அடிக்க வந்துவிடும். அதனால் வேலை செய்யும் இடத்தில், மெஷின் ஓடுகிற சத்தத்துக்குள் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற இடம் அது. மூட்டையை அவிழ்த்து, ரத்தக்கறை உள்ளதைத் தனியாகப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவது அவள் வேலை. வெந்நீர் பட்டால் போச்சு, அப்புறம் எந்தச் சோப்புக்கும் அந்தக் கறை அசையாது.

டயர்க்கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கூடம்தான் அவர்கள் சபை. ஒரு காலத்தில் போதகர் அங்கே மின்விசிறிகளுக்குத்தான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இன்றைக்குப் போய்ப் பாருங்கள்! உள்ளே இடமில்லாமல் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து பாடுகிறார்கள். ஜென்மப் பகையாக இருந்த அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மளிகைக்காரர் தன் கள்ளத் தராசைத் தூக்கி வந்து பீடத்துக்கு முன்னால் வைத்தார். எல்லாம் கண்ணால் பார்த்த சங்கதி. தூங்கிக் கிடந்த சபைக்கு வந்த எழுப்புதல் என்கிறார்கள். அதற்குத் திரி கொளுத்தியது அவள் புருஷன். சபையில் அவனுக்குப் பெயரே சாட்சிக்காரர்.

ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். ஒரு மத்தியானம் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து மகளை ஏற்றிக்கொண்டு வந்து, ஓரமாக நின்றிருந்த லாரியில் கொண்டுபோய்ச் செருகினான். ஏழு வயசுப் பிள்ளை. அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பிள்ளை மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. ஜெயிலுக்குப் போனான். அங்கே ஜெபிக்க வந்த போதகரின் காலில் விழுந்தான். வெளியே வந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அதில் சுத்தமானவன்.

ஆரம்பத்தில் அவன் மேடையேறிச் சொல்கிற சாட்சி ரெண்டே வரிதான். "எம் புள்ளைய நான்தான் கொன்னேன். ஆண்டவர் என்னை மன்னிச்சாரு." அதைக் கேட்டு அவளே அழுதிருக்கிறாள். கூட்டம் சேரச் சேர அந்தச் சாட்சிக்குக் கையும் காலும் முளைத்தன. பாப்பா கனவில் வந்தாள் என்றான். கொஞ்ச நாளில் கனவு ஆஸ்பத்திரிக் கட்டிலாகிவிட்டது. இப்போதெல்லாம் பாப்பா அந்தக் கட்டிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இனிமே குடிக்காதீங்கப்பா, இயேசப்பா பாத்துக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அந்த இடம் வந்ததும் கூடம் முழுக்கக் கைக்குட்டைகள் வெளியே வரும்.

அவன் எங்கே இருந்தான் அந்தக் கட்டில் பக்கத்தில்? வேறொரு வார்டில், வாசலில் போலீஸ்காரர் காவல் நிற்க, மயக்கத்தில் கிடந்தான். பாப்பா பேசியதைக் கேட்டது அவள் ஒருத்திதான். இயேசப்பாவைப் பற்றிப் பாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு பள்ளியில் வாயில் ஈ போவது தெரியாமல் தூங்குகிற பிள்ளை அது!

பாப்பா சொன்னது வேறு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவனுக்கு அது ஆறுதலாகிவிடும். ஆண்டவர் மன்னித்தால் மன்னித்துக்கொள்ளட்டும், தன் கையால் அவனுக்கு ஒரு ஆறுதலும் போகக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனால் இப்போது ஒரு பயம் பிடித்துக்கொண்டது. துணி பிரிக்கும்போது பாப்பாவை நினைத்தால், அவன் கட்டிய அந்த வரிதான் முதலில் காதில் விழுகிறது. அதுவும் பாப்பாவின் குரலிலேயே. உண்மையாகச் சொன்னதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இப்படியே போனால் ஒரு நாள் அது கிடைக்காமலே போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் போதகர் வேலையிடத்துக்கே வந்து நின்றார்.

"சிஸ்டர், ஞாயித்துக்கிழமை மத்தியானம் சிறப்புக் கூட்டம். வெளியூர்லேர்ந்து பெரிய ஊழியக்காரர் பிரசங்கம் பண்ண வர்றாரு. நீங்களும் மேடைக்கு வரணும்."

"எனக்கு என்னங்கய்யா பேசத் தெரியும்?"

"பேசவே வேணாம்மா. அவரு சாட்சி சொல்லி முடிச்சதும், 'ஆமா, எம் புள்ள இதைத்தான் சொன்னா'ன்னு ஒரு வார்த்தை. வெளியில சில பேரு கதை கட்டுறான்னு பேசுறாங்க. பெத்தவளே சொல்லிட்டா வாயடைச்சுப் போவாங்க."

"சொல்லலைன்னா?"

போதகர் சிரித்தார். சூது வாது தெரியாத மனுஷன். "ஏம்மா சொல்லாம? புதுசா வந்த ஆத்துமாக்கள், எல்லாம் பிஞ்சு. உங்க வீட்டுக்காரரும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே எழுந்து நிக்கிறாரு."

அதுதானே அவளை அறுத்தது. இல்லை என்று அவள் சொன்னால் அவன் மறுபடி பாட்டிலைத் தேடிப் போவான், வந்த கூட்டமும் கலையும். ஆமாம் என்றால் செத்த பிள்ளையின் வாயில் அந்தப் பொய்யைத் தன் கையாலேயே திணித்ததாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பக்கத்து அறையில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே அவன் சட்டைக்கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். வெளியே பாட்டு போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, பாப்பா அப்படிச் சொல்லல."

"ஆண்டவர் எனக்குக் காமிச்சது அது."

"அவரு உங்களுக்கு என்ன காமிச்சாரோ எனக்குத் தெரியாது. நீங்க அங்க இல்ல. நான் இருந்தேன்."

பொத்தானில் இருந்த அவன் விரல் நின்றது. "என்ன சொன்னா?"

இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது. இப்போது சொன்னாள்.

"விசாரிக்க வந்த போலீசைப் பாத்துட்டா. உங்களை அடிக்கப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டா. என் கையைப் பிடிச்சு, 'அப்பா குடிக்கலம்மா, நான்தான் வேகமாப் போகச் சொன்னேன்'னா."

அவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்கு அது கிடைக்கக் கூடாதுன்னுதான்."

இவன் இப்படி உடைந்து கிடப்பதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள்! பார்த்தபோது ஒரு திருப்தியும் இல்லை. பாவமாகத்தான் இருந்தது. குனிந்து அவன் தோளைத் தொட்டாள்.

"எழுந்திரிங்க. இன்னைக்கு முடியாதுன்னு சொல்லிட்டு வந்துருங்க. வீட்டுக்குப் போவோம்."

அவன் தலையாட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினான். அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். இனி அந்த வரியை அவனால் சொல்ல முடியாது, அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

"இதுவரைக்கும் நான் சொன்னது பொய்" என்றான் மைக்கில். போதகரின் முகம் வெளுத்தது. "எம் புள்ள உண்மையா என்ன சொன்னான்னு எனக்கே இப்பத்தான் தெரியும்."

வேண்டாம் என்று அவள் கையை உயர்த்தினாள். அவன் பார்க்கவில்லை. சொல்லிவிட்டான். ஒரு எழுத்து கூட்டாமல், குறைக்காமல், அவள் சொன்னது சொன்னபடி. சொல்லிவிட்டு மேடையிலேயே முழங்காலில் விழுந்தான்.

அட ஆண்டவரே, அப்படி ஒரு அழுகையை அந்தத் தகரக் கூரை அதுவரை கேட்டதில்லை. வெளியூர் ஊழியக்காரர் மைக்கைக் கையில் எடுத்தார். "குத்தம் செஞ்சவன் அப்பன். அதைத் தன் மேல ஏத்துக்கிட்டது குழந்தை. சிலுவையில நமக்காகத் தொங்கினவர் செஞ்சது இதுதானேய்யா!" என்று அவர் கதறியபோது ஆணும் பெண்ணும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார்கள். வெளியே டயர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள்கூட உள்ளே புகுந்தார்கள். ஊழியக்காரர் சொன்னதில் ஒரு குற்றமும் அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் சரிதான். அவள் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே கல்லாகிக் கிடந்தாள். ஆமாம் என்று சொல்ல அவளை யாரும் கூப்பிடவில்லை.

வாசலில் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். "அப்பா குடிக்கலம்மான்னு சொல்லிச்சாமே, தங்கம்!" என்றாள் ஒருத்தி. "நான்தான் வேகமாப் போகச் சொன்னேன்னு சொல்லிச்சாமே!" என்றாள் இன்னொருத்தி. செருப்பைத் தேடிக்கொண்டே ஆளாளுக்கு அதையே சொன்னார்கள். மளிகைக்காரர் தன் மகனுக்குச் சொன்னார். தெருமுனைவரை அது அவள் பின்னாலேயே வந்தது.

வெயிலில் இருவரும் நடந்தார்கள். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் குளித்துவிட்டு வந்தவனைப் போலத் தெளிவாக இருந்தான்.

"இனிமே பொய் சொல்ல மாட்டேம்மா. சத்தியமா."

"ம்."

"பாத்தியா, எத்தனை பேரு முன்னால வந்தாங்கன்னு? எல்லாம் பாப்பா செஞ்சது."

அவள் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். பிடி மெதுவாகத்தான் இருந்தது.

"வேற ஏதாவது சொன்னாளா?"

அவன் கண்களைப் பார்த்தாள். கேட்பது பிள்ளையைப் பறிகொடுத்த அப்பனா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறப்போகிற சாட்சிக்காரனா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இல்ல" என்றாள்.

பாப்பா கடைசியாகத் தண்ணீர் கேட்டிருந்தாள். ஆபரேஷன் இருக்கிறது, ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பெற்றவளும் கொடுக்கவில்லை.