பாலீஷ் போட்ட கேஜ்

சாவியைக் கொடுத்துவிட்டு வேலையை விட்டே கிளம்பலாம் என்று முதலாளி செங்கோட்டையன் சொல்லி அரைமணி ஆகிவிட்டது. டிரைவர் சகாயராஜ் சாவியை இறுகப் பிடித்தபடி கம்பெனி வாசலில் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். முதலாளியின் அப்பா வாங்கிய ஐம்பத்தேழாம் வருடத்துக் கார் அது. பதினோரு வருடமாகச் சகாயராஜ்தான் ஓட்டுகிறார். இன்று தாராபுரம் புறப்பட்டவர், ஆயில் பிரஷர் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்தைவிட்டு எழவே இல்லை என்று அவிநாசிபாளையத்தில் நிறுத்தி, கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்.

"ஆயிலே இல்லாம ஓட்டிப்போட்டு, அப்பறமா ஊத்தி வெச்சுட்டு வந்தா எனக்குத் தெரியாதுங்களா?" என்றார் முதலாளி. "எஞ்சினையே தின்னுபோட்டீங்க."

பனியன் கட்டிங் மேசைகளில் கத்தரிகள் நின்றன. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

நதியா முன்னால் வந்தாள். சகாயராஜின் மகள், அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். மூன்று மாதமாக இதே கம்பெனியில் மெஷின் பராமரிப்பு வேலை.

"ஆயில் இல்லன்னு முள்ளுதான சொல்லுது? முள்ளு சரியா இருக்கான்னு பாத்தீங்களா?"

"நேத்து ஆயுத பூசைக்கு அனுப்பர்பாளையத்துல பித்தளை வளையத்துக்குப் பாலீஷ் போட்டு, நானே என் கையால மாட்டுன கேஜ் கண்ணு. அதுல என்ன கோளாறு?"

"நம்ம காத்து கம்ப்ரசர்ல இருக்குற கேஜக் கழட்டி எஞ்சின்ல மாட்டுறேன். பத்து செகண்ட் ஸ்டார்ட் பண்ணாப் போதும்."

"ஆயில் பம்ப் போயிருந்தா அந்தப் பத்து செகண்டுல எஞ்சின் ஜாம் ஆயிரும். அப்பறம் அப்பனோட நீயும் கெளம்ப வேண்டியதுதான்."

"கெளம்புறேன்."

"ஏட்டி, சும்மா கெட," என்றார் சகாயராஜ். அவள் கேட்கவில்லை.

எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் மெல்லிய செப்புக் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் கம்ப்ரசர் கேஜை முறுக்கினாள். "போடுங்கப்பா."

எஞ்சின் உறுமியது. ஒன்று. இரண்டு. முள் அசையவில்லை. மூன்று. முதலாளி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். சகாயராஜின் விரல் சாவிக்குப் போனது.

"நிறுத்தாதீங்க!"

நான்கில் முள் துள்ளி நாலு கிலோ அழுத்தத்தில் நின்றது. அங்கேயே நின்றது; பம்ப் நன்றாகத்தான் இருந்தது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கேஜைக் கழற்றி, குழாயின் முனைக்குள் ஹேர்பின்னை விட்டு இழுத்தாள். எண்ணெயில் ஊறிய பனியன் துணித் திரி ஒன்று வந்தது.

முதலாளி அதை வாங்கிப் பார்த்தார். "கேஜைக் கழட்டறப்ப கால் வெக்கிற மேட்டுல ஆயில் சொட்டக்கூடாதுன்னு குழாய்ல வேஸ்ட் துணிய அடைச்சேன். பிஞ்சு உள்ளயே நின்னுபோச்சாட்ட இருக்குது." திரியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். "செரி சகாயராஜ், வண்டிய உள்ள உடுங்க."

"ஆயில ஊத்தி வெச்சு அப்பா ஏமாத்துனாகன்னு அத்தன பேர் முன்னால சொன்னீங்களே," என்றாள் நதியா.

அவர் கட்டிங் மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "தப்புத்தானுங்க."

"ஐயோ, இருக்கட்டும் மொதலாளி," என்று சகாயராஜ் தலை குனிந்தார், தப்புச் செய்தவர் மாதிரி.

முதலாளி உள்ளே போனதும் அவள் கேட்டாள். "முள்ளு எந்திரிக்கலன்னு கெளம்பும்போதே தெரியும்லா? அம்புட்டுத் தூரம் ஏம்ப்பா போனீக?"

"மொதலாளி கைப்பட மாட்டுனது. அதப் போயி சரியில்லன்னு சொல்ல..."

நதியா கம்ப்ரசர் கேஜைக் கழற்றக் குனிந்தாள். ஸ்பேனர் இரண்டு முறை கை நழுவி விழுந்தது.