குள்ளம்மாள் கிணறும் ஹாம்பர்க் சான்றிதழும்

சுற்றுச்சூழல் விஷயத்தில் ஜெர்மன்காரன் சட்டத்துக்குப் பயப்படுவானாம், ஜப்பான்காரன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வெட்கப்படுவானாம். சென்னையில் நடந்த பயிற்சியில் சொன்னார்கள். பொம்மிடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஜவ்வரிசி ஆலை சரக்கு வாங்குகிறவனுக்கு மட்டும் பயந்தது. ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் இல்லாவிட்டால் மரவள்ளி மாவு வேண்டாம் என்று ஹாம்பர்க்கிலிருந்து கடிதம் வந்த அன்றே, மேனேஜராக இருந்த நான் சுற்றுச்சூழல் பிரதிநிதியும் ஆனேன். சம்பளம் ஏறவில்லை, விசிட்டிங் கார்டு பச்சையானது.

கன்சல்டன்ட் கொடுத்த கோப்பு, ஸ்வீடன் காகித ஆலை ஒன்றுக்காக எழுதியது. பெயரை மாற்றினேன், பனி அள்ளுவது பற்றிய அத்தியாயத்தை எடுக்க மறந்துவிட்டேன். சான்றிதழுக்காக ஆலையைச் சோதிக்க வந்த ஆடிட்டர் மாதவராஜ் அதிலும் டிக் அடித்தார். பிறகு, "அக்கம்பக்கத்துல யாரையாவது பாக்கணுமே சார்" என்றார்.

அக்கம்பக்கம் என்றால் குள்ளம்மாள்தான். நாங்கள் கிழங்கு கழுவிய தண்ணீர் குட்டையில் தேங்கி, அவள் கிணற்றில் இறங்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. அவள் மகள் மேனகா எங்கள் ஆலையில் மூட்டை தைக்கிறாள். காலையிலேயே போய், "பாத்துப் பேசுங்கக்கா, மேனகா வேலையும் இருக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். மிரட்டல் என்று அப்போது தோன்றவில்லை. நிர்வாகம் என்று தோன்றியது.

வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர். குள்ளம்மாள் இரண்டு சொம்பு கொண்டு வந்தாள். ஒன்றை ஆடிட்டரிடம் நீட்டினாள். "அசலூருக்காரரு, ஒத்துக்குமோ ஒத்துக்காதோ. மேட்டுத்தெரு பைப்புல நாலு நாளைக்கு ஒருக்கா வருதுங்க, அந்தத் தண்ணி." மற்றது எனக்கு. "நீங்க நம்ம ஆளு. இது நம்ம கெணத்துத் தண்ணிங்க."

சொம்பைத் தூக்கியதுமே புளித்த மாவின் நாற்றம்.

"கிணத்துல ஏதாவது குறை உண்டாம்மா?" ஆடிட்டர் பேனாவைத் திறந்தார்.

"எனக்கு என்னங்க தெரியும். சார் குடிச்சுட்டுச் சொல்லட்டும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணாந்து முழுவதையும் குடித்தேன்.

"நல்லாருக்கு" என்றேன்.

'புகார் இல்லை' என்று எழுதிக்கொண்டு ஆடிட்டர் காருக்குப் போனார்.

அவள் திட்டுவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்: ஹாம்பர்க் ஆர்டர், நூறு பேர் வேலை, அதில் மேனகாவும் ஒருத்தி. அவள் உள்ளே போய் ஒரு துண்டு வெல்லத்தோடு வந்தாள்.

"வாயில போட்டுக்கங்க சார், கொமட்டல் அடங்கும். மேனகா தெனமும் அப்பிடித்தான் குடிக்கறா."

வாங்கிக்கொண்டேன். அதை வேண்டாமென்று சொல்லவும் எனக்கு முகமில்லை.