அமலம்மாளின் முழங்கால்

எலும்புகள் எல்லாம் சவுந்தரத்துக்குத் தலைகீழ்ப் பாடம். உச்சந்தலையில் தொடங்கிச் சுண்டுவிரல் நுனி வரை இருநூற்றாறையும் மூச்சு விடாமல் இங்கிலீஷில் ஒப்பிப்பாள். இதயத்துக்குள் ரத்தம் எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுகிறது என்று கேட்டால், தபால்காரர் தெருவுக்கு வழி சொல்வதுபோலச் சொல்வாள். தொல்லை எல்லாம் கையில்தான். உயிருள்ள ஓர் ஆளைக் கட்டிலில் படுக்கவைத்து, 'ஈரலின் விளிம்பைத் தொட்டுக் காட்டு' என்றால் விரல் வெடவெடக்கும். புத்தகத்தில் சிவப்பும் நீலமுமாக அழகாகப் பிரித்து வரைந்திருந்தார்கள். நோயாளிகளோ எல்லாவற்றின் மேலும் தோலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். அவள் என்ன செய்வாள், பாவம்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம். பினாங்குப் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்குப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டு. பாடம் நடத்திய வெள்ளைக்கார சிஸ்டர் ஒருநாள் எல்லாருக்கும் எதிரில், "உனக்கு மண்டை இருக்கிறது, கை இல்லை" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு முழுக்க சவுந்தரத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு விடுப்பு. காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி, சுங்கை பினாங்கில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அண்ணன் பாக்கியநாதன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா, அந்த ஊர்ப் பேச்சில் பெரிய கிராணி. அண்ணி அமலம்மாளுக்கு ஏழாம் மாதம்.

மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் இல்லை. பெஞ்சமின், அவனுக்குப் பிறகு ஐரீன். இரண்டும் கொழுகொழுவென்று பிறந்து, தாய்ப்பால் குடித்து, மூன்றாம் மாதம் வரை தெருவே தூக்கிக் கொஞ்சும்படி வளர்ந்தவை. பிறகு திடீரென்று ஒருநாள் பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டன. வாயைத் திறந்து முகம் சிவக்க அழுதன. சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. கண்ணேறு என்றார்கள் பக்கத்து வீட்டார். கர்த்தரின் சித்தம் என்றார் சாமியார். அதனால் அந்த வீட்டில் இப்போது யாரும் பிரசவ நாளை எண்ணவில்லை. அதற்கப்புறம் வரப்போகும் மூன்றாம் மாதத்தைத்தான் வாய்விட்டுச் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டர் சொன்னதைக் கேட்டு அமலம்மாளுக்குத்தான் கோபம் வந்தது.

"கை இல்லைன்னு அந்தம்மா எப்படிச் சொல்லலாம்? நீ இந்தப் புத்தகத்தை மூடு. நான் சும்மாதானே கெடக்குறேன், என்னை வச்சிப் படிச்சிக்க" என்று பாயில் படுத்துக்கொண்டாள்.

அன்று முதல் அமலம்மாள்தான் பாடப்புத்தகம். சவுந்தரம் அவளுடைய நாடியை எண்ணினாள். எண்ணுகிறேன் என்று சொல்லாமல் மூச்சை எண்ணக் கற்றாள். முதுகில் காதை வைத்துக் கேட்டாள். விலா எலும்புகளைத் தடவித் தடவி ஏழாவதைக் கண்டுபிடிப்பதற்குள் அமலம்மாளுக்குக் கூச்சம் தாங்காமல் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக விரல் நடுக்கம் நின்றது.

பிறகு முழங்கால் பாடம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தசைநார் இருக்கிறது; அதைத் தட்டினால் ஆளைக் கேட்காமலே கால் துள்ளும். துள்ளினால் முதுகுத்தண்டுக்கும் காலுக்கும் நடுவே போகிற நரம்புகள் நன்றாக இருக்கின்றன என்று பொருள்.

உள்ளங்கை ஓரத்தால் சவுந்தரம் தட்டினாள். அண்ணியின் கால் தூங்கியது. இன்னொரு தடவை தட்டினாள். மற்றக் காலைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. தன் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். அது சொன்ன பேச்சைக் கேட்டுத் துள்ளியது.

"எனக்குத் தட்டத் தெரியலை அண்ணி. என் காலு பழக்கத்துல ஆடுது. பரீட்சையில வேற ஆளோட காலைத்தானே தட்டணும்" என்றவளுக்குக் குரல் உடைந்து, பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

அமலம்மாள் சவுந்தரத்தின் முழங்காலையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கே, இன்னும் ஒரு வாட்டி தட்டு. நான் காலை இறுக்கி வச்சிட்டேன் போல" என்றாள்.

சவுந்தரம் தட்டினாள். கால் அழகாக ஒரு துள்ளு துள்ளியது.

"பாத்தியா? கை இல்லையாம்ல கை. போய்ச் சொல்லு உன் சிஸ்டரு கிட்ட."

சவுந்தரத்துக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நோட்டுப்புத்தகத்தில் 'முழங்கால் துள்ளல் சரி' என்று எழுதி அடியில் கோடும் போட்டாள். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் அந்தக் கால் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை.

பாடம் முடிந்தால் சாப்பாடு. பாக்கியநாதன் வீட்டுச் சோறு தும்பைப்பூ நிறத்தில் இருக்கும்; முதல்தரமான சயாம் வெள்ளை அரிசி. அண்ணன் தங்கை இருவருடைய அப்பா நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அங்கே எல்லார் வீட்டிலும் ரங்கூன் புழுங்கல் அரிசிதான். பெரிய கிராணி ஆன மாதமே பாக்கியநாதன், "அந்தத் தோட்டத்து வாசனை இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று அரிசியை மாற்றிவிட்டான். அவன் மத்தியானம் ஆபீஸ் பக்கத்துக் கடையில் பருப்பும் முட்டையும் ரொட்டியுமாகச் சாப்பிட்டுவிடுவான். அமலம்மாள் அந்த அரிசியைக் கழனித் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தரம் கழுவி வடித்து, மூன்று வேளையும் ரசத்தோடும் கருவாட்டோடும் அதையே உண்டாள். பிள்ளை பெற்ற பத்தியத்திலும் அதேதான்.

அக்டோபரில் சீனத் தச்சர் ஒருவர் ஆண்கள் வார்டில் வந்து சேர்ந்தார். இரண்டு காலும் வீங்கி, குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் பயிற்சி நர்சுகளைச் சுற்றி நிற்கவைத்து அவருடைய முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. ஆடுசதையை லேசாகப் பிடித்து அமுக்கினார்; தச்சர் அலறிவிட்டார்.

"பெரிபெரி" என்றார் டாக்டர். மில்லில் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது அரிசியின் உயிர் தவிட்டோடு போய்விடுகிறது. அதையே தின்றால் நரம்பு செத்துப்போகிறது என்று விளக்கினார். பிறகு கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். பால் கொடுக்கிற தாய்க்கு இந்த நோய் இருந்தால் வெளியே அவ்வளவாகத் தெரியாது, கொஞ்சம் கால் வீக்கம், மரத்துப்போதல், அவ்வளவுதான். பிள்ளையும் மூன்றாம் மாதம் வரை கொழுகொழுவென்று இருக்கும். பிறகு ஒருநாள் குரல் போய்விடும். அழும், சத்தம் வராது.

சவுந்தரத்தின் கையிலிருந்த தட்டில் கத்தரிக்கோல் கிணுகிணுத்தது.

டாக்டர் அவளைப் பார்த்து, "உங்கள் ஜனங்களுக்கு இது வருவதே அபூர்வம். புழுங்கல் அரிசி சாப்பிடுகிறீர்கள், தப்பித்தீர்கள்" என்றார்.

அன்று முழுக்க அவள் ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அண்ணியின் கால் துள்ளியதே. நானே தட்டினேனே, நானே பார்த்தேனே, நோட்டில்கூட எழுதியிருக்கிறேனே. அப்படியானால் இது இல்லை. இதுவாக இருக்க முடியாது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. கூடப் படித்த நோர்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சி, தன் ஞாயிறு விடுப்பைக் கொடுத்து அவளுடைய புதன்கிழமை விடுப்பை வாங்கிக்கொண்டாள்.

அவள் போனபோது காலை பத்து மணி. அண்ணன் ஆபீசுக்குப் போயிருந்தான். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அமலம்மாள் வாளி விளிம்பைப் பிடித்து, தொடையில் கையை ஊன்றி, இரண்டு தவணையாக எழுந்தாள். இதையும் இத்தனை ஞாயிறாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று சவுந்தரத்துக்கு உறைத்தது.

"என்ன புதன்கெழம வந்திருக்கே?"

"ஒக்காருங்க அண்ணி. முழங்காலை ஒரு வாட்டி பாக்கணும்."

கை பழையபடி நடுங்கியது. ஓங்கித் தட்டியவள் குறி தவறி, தசைநாரை விட்டுவிட்டு மேலே சில்லெலும்பில் 'டொக்'கென்று போட்டாள். எலும்பைத் தட்டினால் எந்தக் காலும் துள்ளாது. அமலம்மாளின் கால் துள்ளியது.

சவுந்தரம் அப்படியே நின்றாள். பிறகு வேண்டுமென்றே தொடையில் தட்டினாள். கால் துள்ளியது. கையை ஓங்கி, தொடாமல் நடுவழியில் நிறுத்தினாள். அப்போதும் கால் துள்ளியது.

"அண்ணி, நான் இன்னும் தட்டவே இல்லையே."

அமலம்மாள் திருட்டு முழி முழித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "நீ அன்னிக்கு அப்படி அழுதியேம்மா. ஒரு காலைத் தூக்கினா உனக்கு மனசு ஆறும்னா தூக்கிட்டுப் போறேன்னுதான்… உன் காலு ஆடுனதைப் பாத்து அதே மாதிரி செஞ்சேன். தப்பா?"

அதைக் கேட்டதும் சவுந்தரத்துக்கு அண்ணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ஓவென்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். கவனம் காலில் இல்லாமலிருக்க, அண்ணியை ஜன்னலுக்கு வெளியே பார்த்து மாதாவின் அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னாள். மந்திரத்தின் நடுவில், சரியான இடத்தில், நடுங்காத கையால் தட்டினாள். கால் கிடந்தபடி கிடந்தது. ஆடுசதையை அமுக்கினாள், அமலம்மாள் "அம்மா" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"பாதம் மரத்துப் போவுதா?"

"மாசமா இருக்கிறவளுக்கு மரக்காதா? போன ரெண்டு வாட்டியும் இப்படித்தான் இருந்திச்சி."

சவுந்தரம் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம் என்பதை மூன்று தரம் சொன்னாள்.

"அப்ப அந்த ரெண்டும்… என் பாலைக் குடிச்சா?"

"பால் இல்ல அண்ணி. அரிசி."

"அரிசி" என்று அவளும் சொன்னாள். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. திடீரென்று சவுந்தரத்தின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். "அரிசிய மாத்தினது அவரு. உங்கண்ணனுக்கு இது தெரியவே கூடாது. என் காலு வீக்கத்துக்குன்னு சொல்லு, இந்தப் புள்ளைக்குன்னு சொல்லு. போன ரெண்டையும் பத்தி ஒரு வார்த்தை பேசிடாதே. அவரு ஒடைஞ்சி போயிருவாரு. சத்தியம் பண்ணு."

சவுந்தரம் சத்தியம் பண்ணினாள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும், கால் வீக்கத்துக்குப் புழுங்கல் அரிசியும் பச்சைப்பயறும்தான் டாக்டர் உத்தரவு, வெள்ளை அரிசி ஒரு பருக்கைகூட ஆகாது என்றாள். தோட்டம், கூலி, வாசனை என்று அவன் ஆரம்பிப்பான், மல்லுக்கு நிற்க வேண்டும் என்று தயாராக வந்திருந்தாள். அதற்குத் தேவையே வரவில்லை. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பிறகு கழற்றப் போன சட்டைப் பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு பாசார் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டான். பெரிய கிராணி பாக்கியநாதன் ரிக்‌ஷாவில் ஒரு ரங்கூன் அரிசி மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியதைத் தெருவே பார்த்தது. வெள்ளை அரிசி டின்னோடு காணாமல் போயிற்று.

மறுநாளே அமலம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் தவிட்டிலிருந்து எடுத்த மருந்து கொடுத்தார். டிசம்பரில் பெண் பிறந்தாள். சவுந்தரம் பரீட்சை எழுதினாள், தேறினாள். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டியதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். மூன்றாம் மாதம் வந்தது. அந்த மாதம் முழுக்க வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பிள்ளை மட்டும் வயிறு முட்டக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கியது. நாலாம் மாதம் பிறந்தது. ஐந்தும் பிறந்தது.

அந்த மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம், பாக்கியநாதன் தங்கையை பஸ் ஏற்றிவிட வந்தான். வழக்கமாக அவன் வருவதில்லை. பாதி வழியில் வாயைத் திறந்தான்.

"சவுந்தரம், போன ரெண்டு புள்ளைங்களும் அந்த அரிசியாலதானே?"

அவள் பைக்குள் சில்லறை தேடினாள். "எனக்குத் தெரியாதுண்ணே."

"உனக்குப் பொய் சொல்ல வராது. வேணாம், விடு. நீ புழுங்கல் அரிசின்னு சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. போன ரெண்டு வாட்டியும் அவளுக்கு இதே கால் வீக்கம்தானே இருந்திச்சி. எந்த மாசம் அரிசிய மாத்தினேன், எப்ப பெஞ்சமின் பொறந்தான்னு எனக்குத் தெரியாதா? டின்னைத் தூக்கிட்டுப் போயி ஆத்துல கொட்டிட்டு அங்கேயே உக்காந்திருந்தேன்."

பஸ் வருவது தெரிந்தது. அவன் அவசரமாகக் குரலைத் தாழ்த்தினான்.

"அமலத்துக்கு மட்டும் இது தெரியவே கூடாது. தெரிஞ்சா தன் பாலுதான்னு நெனச்சிக்குவா. தாங்க மாட்டா. நீ எனக்கு சத்தியம் பண்ணு."

சவுந்தரம் அண்ணன் நீட்டிய கையில் தன் கையை வைத்து சத்தியம் பண்ணிவிட்டு பஸ் ஏறினாள்.