ஒன்பதாம் எண் அறையின் மின்விசிறி

புதுச்சேரியில் கோரிமேட்டுக்குப் போகும் சாலையில், பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இருக்கும் சின்ன அரசு மருத்துவமனையின் மாடியில், ஒன்பதாம் எண் அறையில், மின் இணைப்பு இல்லாத மின்விசிறி ஒன்று இருக்கிறது. டாக்டர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தால் அது சுற்றும். தவறாகக் கண்டுபிடித்தால் சுற்றாது. 2011 டிசம்பரில் அடித்த ‘தானே’ புயலில் மாடிச் சுவர் இடிந்து வயர்கள் அறுந்துபோயின. மற்ற அறைகளுக்கெல்லாம் புது வயர் இழுத்தவர்கள், ஒன்பதாம் எண்ணுக்கு வந்தபோது வயர் தீர்ந்துபோனதால், மறுநாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மறுநாள் வருவதற்குப் பதினோரு வருடம் ஆனது. அதற்குள் ஊருக்கு விஷயம் பழகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே “ஃபேன் ரூம் எதுங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள்.

அது முதன்முதலில் சுற்றியது 2012 ஜூன் மாதம், டாக்டர் அமுதவல்லி மாற்றலாகி வந்த நான்காவது நாள். பாகூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பத்து நாள் காய்ச்சலோடு வந்திருந்தார். மூன்று இடங்களில் மூன்று பெயர் சொல்லி மூன்று விதமாக ஊசி போட்டிருந்தார்கள். அமுதவல்லி அவரைப் படுக்கவைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். அரைஞாண் கயிற்றை விலக்கச் சொல்ல அதுவரை எல்லாருக்கும் கூச்சமாக இருந்திருக்கிறது. இவர் விலக்கினார். அதன் அடியில், பீடியால் சுட்டதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கு. வரப்புப் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த தடம் அது. ஸ்க்ரப் டைபஸ் என்று சீட்டில் எழுதி முடித்ததும், ஒட்டடையோடு நின்றிருந்த விசிறி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. ஆறு மாதத் தூசி டாக்டர் தலையிலும், நோயாளி தலையிலும், சீட்டு வாங்கி உள்ளே அனுப்பும் சாமிக்கண்ணுவின் தலையிலும் விழுந்தது. விவசாயி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே “காத்து நல்லா வருதுங்க” என்றார்.

பொதுப்பணித் துறை எலக்ட்ரீசியன் கலியமூர்த்தி வந்து விசிறியைக் கழற்றிப் பார்த்தார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார், திரும்ப மாட்டினார். பொய் எழுதத் தெரியாத மனிதர். அந்த நேரத்தில் வந்த நோயாளி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற முடியவில்லை என்று தன் பாட்டைச் சொன்னார். டாக்டர் அமுக்கிப் பார்த்து நோயின் பெயரைச் சீட்டில் எழுதியதும் விசிறி சுற்றியது. ‘இணைப்பு இல்லை. சுற்றுகிறது. காரணம்: டாக்டர்’ என்று கலியமூர்த்தி பதிவேட்டில் எழுதினார். மேலதிகாரி அதன் கீழே ‘பார்வையிடப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தா ஒருவர் மட்டும், இந்தோசீனாவில் இதைவிடப் பெரிதெல்லாம் பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டு பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

அமுதவல்லிக்கு அந்த விசிறியைப் பற்றிப் பெருமை கிடையாது; கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. எழுதி முடித்த பிறகுதான் அது சுற்றும், எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை துப்புக் கொடுக்காது. அதனால் அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்: முதலில் கேட்பது, பிறகு தொடுவது, பிறகு எழுதுவது, கடைசியில்தான் அண்ணாந்து பார்ப்பது. சித்திரை வெயிலில் நூற்று எண்பது பேரைப் பார்க்கும் காலைகளில், அந்தக் காற்றுக்காகவே ஏதாவது ஒரு பெயரை எழுதிப் பார்க்கலாமா என்று கை பரபரக்கும். அப்படி எழுதிய நாட்களில் புடவை முதுகில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். கொரோனா காலத்தில் விசிறி ஓய்ந்ததே இல்லை. நோயின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, அதன் கீழேயே ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். கண்டுபிடிப்பது வேறு, காப்பாற்றுவது வேறு என்று அந்த இரண்டு வருடத்தில் அவர் அழுதே கற்றுக்கொண்டார். விசிறியின் ஓர் இறக்கை வளைந்துபோனதும் அப்போதுதான்.

தனக்கொடி வந்தது 2022 மே மாதம், அக்கினி நட்சத்திரத்தில். முதலியார்பேட்டைக்காரி, வயது நாற்பத்திரண்டு. அப்பா வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து அந்த வீட்டில் நிரந்தர வேலை என்பதைச் சாமி பெயர்போலத்தான் சொல்வார்கள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, “படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டரம்மா” என்றாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வேண்டியிருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, போன வாரம் இருமியபோது சளியில் ரத்தக் கீற்று இருந்தது என்றாள். சின்ன வயதில் காய்ச்சலோடு முட்டி வீங்கியதா என்று கேட்டதற்கு, அஞ்சாவது படிக்கும்போது வீங்கிப் பற்றுப் போட்டோம் என்றாள். அமுதவல்லிக்குப் பாதி கேட்டபோதே தெரிந்துவிட்டது. இதயத்துக்குள் இருக்கும் கதவு ஒன்று ஒட்டிப்போய்ச் சுருங்கியிருக்கிறது. ஆனால் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இதயம் புதுக் கடிகாரம் மாதிரி அடித்தது. ஈசிஜி சுத்தம். எக்கோவும் சுத்தம். இருந்தாலும் கேட்டதை நம்பி ‘வால்வு சுருக்கம்’ என்று எழுதினார். விசிறி அசையவில்லை. அடுத்த வாரம் ‘ஆஸ்துமா’ என்று எழுதினார். அசையவில்லை. ‘மனப்பயம்’ என்று எழுதியபோது அவருக்கே வெட்கமாக இருந்தது, விசிறியும் அசையவில்லை. தனக்கொடி மாத்திரைகளை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

நான்காவது வாரம் வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. ரத்தம் இப்போது கீற்றாக இல்லை, கைக்குட்டை நனைகிற அளவுக்கு வருகிறது என்றாள். சொல்லும்போது அழுதாள். இப்படி ஓர் இதயம் வருகிற மாதம்வரை தாங்காது என்று அமுதவல்லிக்குத் தெரியும். மறுபடி நெஞ்சில் வைத்துக் கேட்டார். புதுக் கடிகாரம். அப்போதுதான், முதல் நாள் இவள் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தது அவர் நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து வருட உத்தியோகத்தில் அழுதுகொண்டு வந்த ஓர் ஆளுக்கு இதுவரை எழுதாத ஒன்றை அவர் சீட்டில் எழுதினார்: ‘நோய் எதுவும் இல்லை.’ விசிறி ஜிவ்வென்று சுற்றியது.

அமுதவல்லி பேனாவைக் கீழே வைத்தார். “உனக்கு ஒண்ணுமில்லம்மா. நீ சொன்னதும் பொய் இல்ல. இந்த நோவு யாருக்கு?”

தனக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “தங்கச்சிக்குங்க. ஜெயத்துக்கு. இங்கதான், மேட்டுப்பாளையத்துல பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போவுது. நடுவுல லீவு வுடாம எரநூத்தி நாப்பது நாளு போனா பர்மனென்ட்டு. இன்னும் பத்தொம்போது நாளுதான் இருக்கு. அது வரமாட்டேன்னுச்சி, அதான் நான் வந்துட்டேன். மாத்திரை எல்லாம் அதுக்குத்தான் குடுக்கிறேன்.”

அக்காளும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே சோறு தின்கிறவர்கள். ஒருத்தி நோயை இன்னொருத்தி போய்க் காட்டினால் போதும் என்று அவர்கள் மனதார நம்பியிருந்தார்கள். ரேஷனுக்கும் அப்படித்தான் போகிறார்கள், ஸ்கூல் மீட்டிங்குக்கும் அப்படித்தான் போகிறார்கள். அமுதவல்லி கோபப்பட நேரமில்லாமல், மிச்சமிருந்த நோயாளிகளைப் பக்கத்து அறை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டு, தனக்கொடியை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு ஓட்டினார். சாப்பாட்டு மணி அடித்திருந்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஜெயம் டிபன் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, இருபத்தெட்டு வயதில் எழுபது வயதுக்காரிபோல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“பத்தொம்போது நாளு கழிச்சி வரேன் டாக்டரம்மா. அப்புறம் எங்க கூப்ட்டாலும் வரேன்” என்றாள்.

“நீ வருவ. ஒன் இதயம் வராது.”

டீ குடிக்க வந்த ஆண்களை எழுப்பி அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஜெயத்தை பெஞ்சில் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தார். தொழிற்பேட்டை லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல, அடியில் ஓர் உருட்டல். அண்ணாந்து பார்த்தார், பழக்கதோஷம். மேலே தகரக் கூரையும் ஒரு காலண்டரும்தான் இருந்தன. இருபத்தைந்து வருடத்தில் சேர்த்து வைத்த காதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. சீட்டு இல்லாததால் டீக்கடைக்காரரிடம் வடை மடிக்கும் பேப்பர் வாங்கி, அதில் ‘மைட்ரல் வால்வு சுருக்கம், கடுமை, இன்றே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதே நேரத்தில் மருத்துவமனையில் ஒன்பதாம் எண் அறை விசிறி சுற்ற ஆரம்பித்தது. சாமிக்கண்ணு அப்போது காலி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். அதோடு எட்டாம் எண், ஏழாம் எண், பெண்கள் வார்டில் நான்கு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது, மருந்துக் கிடங்கில் பிரிக்காமல் பெட்டிக்குள் இருந்த புது விசிறி, எல்லாம் சுற்றின. வளைந்திருந்த இறக்கை நிமிர்ந்துகொண்டது. ஓ.பி. சீட்டுகள் ஜன்னல் வழியே பறந்து போய்க் கோரிமேட்டு பஸ்கள்மேல் ஒட்டிக்கொண்டன. ஒரு சீட்டு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கே போய்விட்டது. சாமிக்கண்ணு மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு போன் போட்டான். “மேடம், நீங்க அங்க என்னாத்த கண்டுபுடிச்சீங்க? இங்க நிக்க முடியல.” அமுதவல்லி டீக்கடை வாசலில், அத்தனை பேருக்கு முன்னால், வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததும் கண்ணீர் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஜெயத்தை அன்று சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் விட்டு ஒட்டிப்போன கதவைத் திறந்தார்கள். அன்று இரவு அவள் ஒரே தலையணையில் தூங்கினாள். தனக்கொடி பக்கத்தில் உட்கார்ந்து தங்கை மூச்சு விடுவதை விடியும்வரை வேடிக்கை பார்த்தாள். கம்பெனி தன் பங்குக்கு அந்த இருநூற்றுச் சொச்சம் நாளையும் அழித்துவிட்டது. ஜெயம் இரண்டு மாதம் கழித்துப் போய் ஒன்றிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள். மாதாந்திரப் பரிசோதனைக்கு வார விடுமுறையில் மட்டும் வந்தாள். அவளுக்காக அமுதவல்லியும் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒன்பதாம் எண்ணைத் திறந்தார். 2023 மே மாதம் இருநூற்று நாற்பதாவது நாள் முடிந்தது. கம்பெனி கொடுத்த நிரந்தர வேலை ஆணையை அவள் முதலில் டாக்டரிடம்தான் காட்டினாள், படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்து.

அன்றுதான் கலியமூர்த்தியும் ஏணியோடு வந்திருந்தார். பதினோரு வருடம் கழித்து ஒன்பதாம் எண்ணுக்கு வயர் ஒதுக்கியிருந்தார்கள். ஜெயம் ஸ்டூலில் உட்கார்ந்தாள், அமுதவல்லி நெஞ்சில் வைத்துக் கேட்டார், ‘நன்றாக இருக்கிறாள்’ என்று எழுதினார். விசிறி சுற்றியது. ஏணிமேல் நின்றிருந்த கலியமூர்த்தி தலையைச் சட்டென்று குனிந்துகொண்டார்.

“அண்ணே, அது பாட்டுக்கு நல்லாத்தான சுத்துது, வுடுங்க” என்றாள் ஜெயம்.

கலியமூர்த்திக்கும் அது நியாயமாகவே பட்டது. வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, பெண்கள் வார்டில் மறுபடி பழுதாகியிருந்த விசிறிக்கு அதைப் போட்டார். பிறகு பதிவேட்டை விரித்து, ‘அறை எண் 9: இணைப்பு தேவையில்லை. சீட்டுகள் பறக்காமல் இருக்க ஒரு டஜன் பேப்பர் வெயிட் தேவை’ என்று எழுதினார். மேலதிகாரி எட்டு கொடுத்தார்.