உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனி

அன்று பீலெஃபெல்ட் வீட்டில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: வீட்டுக்காரர் ஜேசுரட்ணம், அவர் மனைவி யோசப்பின், மகன் சஞ்சயன், கலியாணப் பெண்ணான மகள் கிறிஸ்ரினா, ஜேசுரட்ணத்தின் தங்கை சிசிலி, மாப்பிள்ளை ஜெயகாந்த், மாப்பிள்ளையின் தகப்பன் செல்வரட்ணம். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சிலர் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் இருக்கவில்லை.

செப்ரெம்பர் மாதம். கலியாணத்துக்குத் திகதி வைக்கத்தான் கூடியிருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலத்தில் கலியாணம் செய்வதில்லை. அதற்கு முன்னால் என்றால் குளிர். பாரிசிலும் லண்டனிலும் இருந்து வயதான சனத்தைக் கூப்பிட முடியாது. கோடையில் நல்ல மண்டபம் ஒன்றும் காலியாக இல்லை. மிஞ்சியது உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை.

"அப்பா, அந்த நேரம் எங்களுக்கு ப்ளே-ஓஃப் நடக்கும்" என்றான் சஞ்சயன்.

சஞ்சயனுக்கு ஐஸ் ஹொக்கிதான் தொழில். ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள ஹோல்ட்ஸ்பெர்க் நகரத்து அணியில் தடுப்பாட்டக்காரன். மார்ச் நடுப்பகுதியில் அட்டவணையின் மேல்பாதியில் நிற்கும் அணிகள் மட்டும் தங்களுக்குள் மோதத் தொடங்கும். தோற்கிற அணி வீட்டுக்குப் போகும். அதுதான் ப்ளே-ஓஃப்.

ஜேசுரட்ணம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவர் சாய்ந்து இருந்ததை யாரும் கண்டதில்லை.

"ப்ளே-ஓஃபோ? போன முறை கடைசிக்கு முந்தின இடம். மார்ச் பிறந்து ஒரு கிழமை ஆகேல்லை, வீட்டில வந்து இருந்திட்டாய். இந்த முறையும் வந்து இருப்பாய். நீங்கள் யோசிக்காமல் வையுங்கோ சம்பந்தி."

செல்வரட்ணம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிசிலியும் சிரித்தாள். ஜெயகாந்த் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். சஞ்சயன் சிரிக்கவும் இல்லை, முகம் கறுக்கவும் இல்லை.

"சரி அப்பா. வையுங்கோ" என்றான்.

திகதி வைக்கப்பட்டது.

ஜேசுரட்ணம் அப்படிப் பேசியது பகிடிக்காக அல்ல. அவர் பகிடி விடுகிற ஆளும் அல்ல. அதற்குப் பின்னால் போன பருவத்தின் கடைசி ஆட்டம் இருந்தது. அந்த ஆட்டத்துக்கு அவர் அணியின் பச்சைச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, சிசிலியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். இரண்டாம் பகுதியில் எதிரணிக்காரன் அடித்த பக், அந்தக் கறுத்த ரப்பர் வட்டு, சஞ்சயனின் மட்டையில் பட்டுத் திரும்பிச் சொந்த வலைக்குள்ளேயே விழுந்தது. அதற்குப் பிறகு சஞ்சயன் பக்கைத் தொட்ட போதெல்லாம் அரங்கம் முழுவதும் விசில் அடித்தது.

சிசிலி ஜேர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். ஆனால் ஒரு விளையாட்டரங்குக்குள் கால் வைத்தது அன்றுதான். அவளுக்கு விசில் என்றால் மன்னார்த் தியேட்டரில் கதாநாயகன் திரைக்கு வரும்போது கிளம்புகிற சத்தம். அவள் தமையனின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தீங்களோ அண்ணை! எங்கட பிள்ளைக்கு மட்டும் என்ன மாதிரி விசில் அடிக்கினம்!"

எழும்பி நின்று, இரண்டு விரலை வாய்க்குள் வைத்து, அவளும் ஒன்று அடித்தாள்.

இந்த நாட்டில் விசில் அடிப்பது காறித் துப்புவதற்குச் சமம் என்று ஜேசுரட்ணத்துக்குத் தெரியும். பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் ஜேர்மன்காரருடன் வேலை செய்தவர். தங்கைக்கு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இரு" என்று மட்டும் சொன்னார். சால்வையைக் கழற்றி, நாலாய் மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு அந்த அரங்கத்துக்கு அவர் போகவில்லை. கேட்டவர்களுக்கு முதுகுவலி என்றார்.

அவருடைய குடும்பப் பெயரைச் சொல்லி இதுவரை ஒருவரும் விசில் அடித்ததில்லை. அகதி முகாமில்கூட அவர் வரிசையில் முண்டியடித்தவர் அல்ல. அந்தப் பெயரை முதுகில் பெரிதாக எழுதிக்கொண்டு மகன் பனித்தரையில் ஓடிய போது சில ஆயிரம் பேர் விசில் அடித்தார்கள். அந்தக் கோபம் சனத்தின் மீதா, மகன் மீதா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. செப்ரெம்பரில் மேசையில் விழுந்தது அதுதான்.

பருவம் தொடங்கியது. முதல் கிழமைகளில் அணி தோற்றது. ஜேசுரட்ணம் மண்டபக்காரனுக்கு முற்பணம் கட்டினார். ஒக்ரோபர் கடைசியில் வெல்லத் தொடங்கினார்கள். அவர் ஆட்டம் பார்க்கவில்லை. ஆனால் விடிய எழும்பிச் செபம் முடித்ததும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் முடிவைப் பார்ப்பார். பார்த்ததை யோசப்பினுக்குச் சொல்லமாட்டார். யோசப்பின் தன்னுடைய தொலைபேசியில் ஏற்கெனவே பார்த்திருப்பாள், அவளும் சொல்லமாட்டாள்.

டிசெம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன், சிசிலி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, உங்கட நீர்நாயள் மூண்டாம் இடமாம்." நீர்நாய்தான் அந்த அணியின் சின்னம்.

"கேள்விப்பட்டன்."

"அப்ப கலியாணம்?"

"கலியாணம் கலியாணத்தண்டைக்கு நடக்கும். வேற கதை இருந்தால் சொல்லு."

"வேற கதை என்ன கிடக்கு? மாப்பிள்ளைக்கு மண்டப வாசலில மாலை போட நீர்நாயைத்தான் விடப்போறியளோ எண்டு கேக்கிறன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். ஆனால் அவள் குத்தியது சரியான இடத்தில். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவது பெண்ணின் சகோதரன். அவர்கள் குடும்பத்தில் அது தவறியதில்லை. சகோதரன் இருக்க இன்னொருவன் மாலை போட்டால், வீட்டுக்குள் ஏதோ முறிவு என்று சனம் முடிவு கட்டிவிடும்.

குருத்தோலை ஞாயிறன்று சஞ்சயன் வீட்டுக்கு வந்தான். கன்னம் முழுக்கத் தாடி. அணி அரையிறுதிக்கு வந்திருந்தது.

"என்ன மகன் இது கோலம்?" யோசப்பின் பதறினாள். "கலியாண வீட்டுக்கு இப்பிடியே வரப்போறாய்? மழிச்சிட்டு வா."

"ஏலாது அம்மா. ப்ளே-ஓஃப் துவங்கினால் முடியும்வரைக்கும் ஒருத்தரும் மழிக்கிறேல்லை. எல்லா ரீமிலயும் அப்பிடித்தான். தோத்தால் அண்டைக்கே மழிப்பம். வெண்டால் வளரும்."

யோசப்பின் கணவனைப் பார்த்தாள், அவர் அதட்டுவார் என்று. ஜேசுரட்ணத்தின் சொந்தக் கன்னத்திலும் நரைத் தாடி இருந்தது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவர் மழிப்பதில்லை. ஊரில் இயக்கமும் ஆமியும் மாறி மாறி அடிபட்ட காலத்தில் மடுக் கோயில் மாதாவுக்கு வைத்த நேர்த்தி. தகப்பனும் மகனும் ஒருவர் தாடியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நேர்த்தியை இடையில முறிக்கிறேல்லை" என்றார் ஜேசுரட்ணம். "சாப்பாட்டைப் போடு."

சாப்பிடும்போது சஞ்சயன் விஷயத்தைச் சொன்னான். அரையிறுதியில் நாலு ஆட்டம் முதலில் வெல்கிறவர்களுக்கு இறுதிப் போட்டி. இழுபட்டுக்கொண்டு போனால் ஏழாவது ஆட்டம், கலியாணத்தண்டு பின்னேரம், ஹோல்ட்ஸ்பெர்க்கில்.

"பதினொரு மணிக் கலியாணப் பூசைக்கு வந்து நிண்டிட்டு ஓடிடுவன். மண்டபத்துக்கு ஏலாது. இரண்டு மணிக்கு எல்லாரும் அரங்கத்தில நிக்க வேணும்."

"லீவு கேட்டால்?" கிறிஸ்ரினா கேட்டாள்.

"கோச் தருவார். நான் கேக்கமாட்டன்." அவன் தகப்பனைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "விசில் அடிச்ச ஆக்களுக்கு முன்னால நான் நிக்க வேணும், அக்கா."

கிறிஸ்ரினாவுக்குத் தமையனோ தம்பியோ வேறு இல்லை. ஜேசுரட்ணம் கையைக் கழுவிவிட்டு வெளியே நடக்கப் போனார். நடக்கும்போது அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகியது. அவன் தோற்கவேண்டும் என்று அவர் ஒருநாளும் செபித்ததில்லை. ஆனால் தோற்பான் என்ற நம்பிக்கையில் மண்டபத்துக்குக் காசு கட்டியிருக்கிறார். இரண்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரிதாக அவருக்குத் தெரியவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று பின்னேரம் அணி தோற்றது. இப்போது எதிரணிக்கு மூன்று வெற்றி, இவர்களுக்கு இரண்டு. புதன்கிழமை இன்னொரு முறை தோற்றால் பருவம் முடிந்தது. சனிக்கிழமை ஆட்டமே இராது.

மறுநாள் திங்கள், விடுமுறை. ஜேசுரட்ணம் முகம் மழித்து, கோட்டுப் போட்டு, அதே ஏழு பேரும் அதே மேசையில் கூட ஏற்பாடு செய்திருந்தார். சஞ்சயன் இடது புருவத்தில் தையலோடு வந்தான். எல்லோரும் இருந்த பிறகு ஜேசுரட்ணம் எழும்பி நின்றார்.

"பங்குச் சுவாமியோட கதைச்சிட்டன். சனிக்கிழமைப் பூசையை ஒன்பது மணிக்கு வைக்க அவருக்குச் சம்மதம். மண்டபக்காரனும் ஓமெண்டிட்டான். இனி உங்கட சம்மதம்தான் வேணும்."

செல்வரட்ணம் சிரிக்கவில்லை. "என்ன சம்பந்தி, காட் அடிச்சுக் குடுத்தாச்சு. ஒரு விளையாட்டுக்காகக் கலியாண நேரத்தை மாத்தினதெண்டு சனம் பல்லைக் காட்டும்."

"காட்டட்டும்."

"சரி, மாத்திறம் எண்டு வையுங்கோ. புதன்கிழமை பெடியள் தோத்துப் போச்சினமெண்டால்? சனிக்கிழமை ஆட்டமே இல்லை. ஒண்டுக்கும் இல்லாமல் விடியக் கலியாணம்."

"தோக்கமாட்டாங்கள்."

சஞ்சயன் தலையை நிமிர்த்தினான்.

ஜேசுரட்ணம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "செப்ரெம்பரில இதே மேசையில, உங்கள் எல்லாருக்கும் முன்னால, இவன் மார்ச்சில வீட்டில வந்து இருப்பான் எண்டு சொன்னன். என்ர பிள்ளை தோப்பான் எண்டு நம்பித் திகதி வைச்சன். ஒரு தேப்பன் வைக்கிற நம்பிக்கை அது இல்லை. அதை உங்கள் எல்லாருக்கும் முன்னாலதான் திருப்பி எடுக்க வேணும். எடுக்கிறன்."

சிசிலி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு, அழுதது தெரியக்கூடாது என்றோ என்னவோ, சத்தமாகக் கேட்டாள்.

"அப்ப பொம்பிளை சாறி உடுத்த விடிய எத்தினைக்கு எழும்ப வேணும்?"

"நான் நித்திரையே கொள்ளேல்லை எண்டாலும் பரவாயில்லை, மாமி" என்றாள் கிறிஸ்ரினா. "எனக்குத் தம்பி வாசலில நிக்க வேணும்."

"எனக்கும்" என்றான் ஜெயகாந்த். அந்த மேசையில் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

செல்வரட்ணம் மகனைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "என்ர மச்சான்மார் லண்டனில இருந்து பஸ்ஸில வருகினம். ஒன்பது மணிப் பூசைக்கு அவை வந்து சேரமாட்டினம்."

"அவை எந்தக் கலியாணத்தில அண்ணை பூசைக்கு வந்தவை?" என்றாள் யோசப்பின். "பந்திக்குத்தானே வருவினம்."

இப்போது செல்வரட்ணத்தின் வயிறு குலுங்கியது. "ஓம், அதுவும் உண்மைதான்" என்றார். "மாத்துங்கோ."

சஞ்சயன் போகும்போது வாசலில் நின்று, "வாறன் அப்பா" என்றான். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் நின்று சொன்னான்.

புதன்கிழமை அணி வென்றது.

சனிக்கிழமை பூசை ஒன்பது மணிக்கு நடந்தது. மண்டப வாசலில் கறுத்தக் கோட்டும், தையல் போட்ட புருவமும், செழித்த தாடியுமாகச் சஞ்சயன் நின்றான். மாப்பிள்ளைக்கு மாலை போட்டான். பதிலுக்கு, முறைப்படி, ஜெயகாந்த் அவன் விரலில் மோதிரம் போட்டான். "தம்பி என்ன, சாமியாராப் போகப்போறாரோ?" என்று யாரோ ஒரு கிழவர் கேட்டார். ஜேசுரட்ணம் அவரைத் திரும்பிப் பார்த்தார், கிழவர் அடங்கிவிட்டார். பந்தி தொடங்குவதற்கு முன் சஞ்சயன் அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டு, சிசிலி கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலோடு காரில் ஏறினான். லண்டன் பஸ் அப்போதுதான் வந்து நின்றது.

ஞாயிறு காலை வீட்டு மணி அடித்தது. ஜேசுரட்ணம் கதவைத் திறந்தார். அன்று அவர் தொலைபேசியைப் பார்த்திருக்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. மகனின் முகம் மழுமழுவென்று மழிக்கப்பட்டிருந்தது. தாடி இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

"மேலதிக நேரத்தில அவங்கட ஒரு கோல், அப்பா."

"நீ ஐஸில நிண்ட நேரமோ?"

"ஓம். நான் நிண்ட நேரம்தான்."

ஜேசுரட்ணம் கதவை அகலத் திறந்து வழிவிட்டார்.

"விசில் அடிச்சாங்களோ?"

"இல்லை. எழும்பி நிண்டு கை தட்டினாங்கள். நாங்கள் உள்ளுக்குப் போகுமட்டும் தட்டினாங்கள்."

ஜேசுரட்ணம் தலையாட்டினார். உள்ளே போய், கோட்டுப் பையிலிருந்து நாலாய் மடித்த பச்சைச் சால்வையை எடுத்து வந்து கதவுக்குப் பக்கத்துக் கொளுக்கியில் மாட்டினார். ஒரு வருடமாய் மடிந்திருந்த சுருக்கம் அதில் அழியாமல் இருந்தது.

"செப்ரெம்பரில எப்ப துவங்குது?" என்று கேட்டார்.

ஹொக்கி ஆட்டத்துக்காக ஜேசுரட்ணம் மகளின் கலியாணத் திகதியையே மாற்றினார் என்று பீலெஃபெல்டில் இன்றைக்கும் ஒரு கதை உண்டு. அது பிழை. திகதி மாறவில்லை. நேரம் மட்டும்தான் மாறியது.