மிஞ்சிப்போன ரப்பர் வளையம்

பெண் பார்க்க வருகிறவர்களின் வேன் நானுஓயாவைத் தாண்டிவிட்டது என்று போன் வந்த நேரத்தில், அழகம்மா தன் மகளின் பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் வைத்தாள், மனசு ஒப்பவில்லை. அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாள், அங்கிருந்தும் எடுத்தாள். கடைசியில் கொல்லைப் பக்கம் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பெட்டி எங்கே போனது என்று மகள் சுலக்ஷனாவுக்கே தெரியாது.

பெட்டிக்குள் என்ன, கசிப்புச் சாராயமா, கஞ்சாவா? அதெல்லாம் ஒன்றுமில்லை. கைக்கடிகாரங்கள். உலகத்துப் பணக்காரர்கள் கட்டிக்கொள்கிற பெரிய பெரிய கம்பனிகளின் பெயர் போட்ட டூப்ளிகேட் கடிகாரங்கள். எந்தக் கம்பனி என்று கேட்காதீர்கள், வீண் வம்பு.

சுலக்ஷனாவுக்கு ஹட்டனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. புருவம் எடுப்பதிலும் நகத்துக்குப் பூப்போடுவதிலும் அவள் கை பேசும். வேலை முடிந்து தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் அவளுக்கு வேறு உலகம். சீனாவிலிருந்து பார்சலில் வந்த கடிகாரம், ஹட்டன் நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய கடிகாரம் என்று எது கிடைத்தாலும் முதல் வேலையாகப் பின்மூடியைத் திறப்பாள். மேலே இருக்கும் கம்பனிப் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவாள். அடுத்தவன் பெயரைக் கையில் கட்டிக்கொண்டு என்ன மினுக்கு வேண்டிக் கிடக்கிறது என்பது அவள் கட்சி. அப்புறம் நகப்பூச்சை எடுத்து டயலுக்கு வேறு முகம் எழுதுவாள். கண்ணாடி ஒட்டுவதற்கு நகம் காயவைக்கிற நீல விளக்கு. முள்ளைப் பிடிப்பதற்குப் புருவம் பிடுங்குகிற அதே இடுக்கி. ஒரு கடிகாரத்தில் பனி மூடிய தேயிலை நிரைகள். இன்னொன்றில் நொடி காட்டுகிற செக்கன் முள்ளே ஓர் அட்டை. ஆமாம், மழைக்காலத்தில் காலில் ஏறுகிற அதே அட்டைதான். கருஞ்சிவப்பில் நெளிந்தபடி டயலைச் சுற்றி ஊர்ந்துகொண்டேயிருக்கும். அதைச் செய்து முடித்த அன்றைக்கு அவள் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தில்தான் வினையும் வந்தது. போன வருஷம் உடப்புசல்லாவையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடம், கேட்டார்களே என்று தன் கடிகாரக் கதையை வாய் நிறையச் சொல்லிவிட்டாள். "பொண்ணு கள்ளச் சாமான் பண்றாளாம்" என்று பேசிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். அழகம்மா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

இப்போது வருகிற வினோஜன் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவன். போட்டோவைப் பார்த்ததுமே சுலக்ஷனாவுக்குப் பிடித்துவிட்டது, பொய் சொல்வானேன். அழகம்மா அதைக் கண்டுகொண்டாள். கண்டுகொண்டதும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாரு புள்ள. வர்றவங்க முன்னால வாட்ச்சுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. இந்த எடம் கூடி வந்துச்சின்னா அந்தப் பெட்டிய ஆத்துல போட்டுட்டுத்தான் நீ தாலி கட்டிக்கணும். ஒத்துக்கிறியா?"

சுலக்ஷனா தலையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையும் வேண்டும், பெட்டியும் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வராமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தாள்.

வேன் வந்து நின்றது. வினோஜன், அவன் அம்மா, அவனுடைய தாய்மாமன் செல்லசாமி என்று மூன்று பேர். செல்லசாமி அந்தக் காலத்தில் கங்காணியாக இருந்தவர். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்குள்ளும் அதே சத்தம்தான். உட்கார்ந்த மறுநிமிஷமே மருமகனின் கையைத் தூக்கிக் காட்டினார்.

"இத பாத்தீங்களா? வெளிநாட்டு வாட்ச்சு. ஹோட்டல்ல தங்குன வெள்ளக்காரரு ஒருத்தரு, நம்ம தம்பியோட கவனிப்பப் பாத்துட்டு, அப்புடியே கையில இருந்து கழட்டிக் குடுத்துட்டாரு. அவரு அவங்க நாட்டுல ஒரு பிரபுவாம்!"

"பிரபுன்னு யாரு மாமா சொன்னது?" என்றான் வினோஜன் ஈனக் குரலில்.

"சும்மா இரு. பிரபு இல்லாம இம்புட்டு வெலையுள்ள சாமானக் கழட்டிக் குடுப்பானா?"

சுலக்ஷனாவின் அப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழகம்மா கையிலிருந்த வடைத் தட்டைத் தொப்பென்று மேசையில் வைத்தாள். வரக் கூடாத பேச்சு வந்தே விட்டதே! வந்தவர்களே அதைக் கையில் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவள் கனவா கண்டாள்? மகளைப் பார்த்துக் கண்ணை உருட்டி, தண்ணீர்த் தட்டை அவள் கையில் திணித்தாள்.

மலைப் பீலியிலிருந்து பிடித்த தண்ணீர். டம்ளர்கள் வெளியிலும் ஈரம் பூத்து ஜில்லென்றிருந்தன. சுலக்ஷனா குனிந்த தலை நிமிராமல் போய் வினோஜன் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பாழாய்ப்போன கண் முதலில் மணிக்கட்டுக்குத்தான் போயிற்று. டயலில் திகதி காட்டுகிற சின்னச் சன்னலுக்குள் எண் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. அசல் கடிகாரத்தில் அப்படி இருக்காது. அடடா, இதே ரகத்தில் ஒன்று அவளுடைய பெட்டியிலும் இருக்கிறதே! பிரபுவாவது, ஒன்றாவது.

அதையும் அவள் விழுங்கிக்கொண்டிருப்பாள். அதற்குள் வினோஜன் டம்ளரை எடுக்க, அதன் அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கடிகாரக் கண்ணாடியில் விழுந்தது. அவ்வளவு நேரம் கோட்டுக் கைக்குள் கிடந்து சூடேறியிருந்த கண்ணாடி. குளிர்ந்த சொட்டு விழுந்த இடத்தில், கண்ணாடிக்கு உள்பக்கம், வெள்ளையாக ஒரு புகை படர்ந்தது.

கடிகாரம் திறந்து மூடுகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் குலை நடுங்கும். உள்ளே ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் மெஷின் துருப்பிடித்துச் செத்துப்போகும். சுலக்ஷனாவுக்குத் தான் மணப்பெண் என்பதும் மறந்துபோனது, அம்மாவுக்குத் தலையாட்டியதும் மறந்துபோனது. தட்டை மேசையில் டணாரென்று வைத்தாள். மாப்பிள்ளையின் கையை எட்டிப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள்.

"ஐயோ, இத யாரு தொறந்தது? ரப்பர் வளையம் போடாமலா மூடுனீங்க?"

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே மாப்பிள்ளையின் கையைப் பிடித்த அதிசயத்தை அந்தத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. அழகம்மா தலையில் கை வைத்தபடி சுவரில் சாய்ந்தாள். வினோஜனின் அம்மா மூக்கில் விரல் வைத்தவர், வைத்தபடியே இருந்தார்.

"தொறக்குறதாவது! பிரபு கட்டுன வாட்ச்சு..." என்று செல்லசாமி எழுந்தார்.

வினோஜன் அவரைப் பார்த்தான், தன் கையைப் பிடித்திருக்கிற பெண்ணைப் பார்த்தான். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதா, கடிகாரத்தைக் காப்பாற்றுவதா? பாவம், அவன் முகம் வெளுத்தது, சிவந்தது. அப்புறம் மடமடவென்று கொட்டிவிட்டான்.

"நாந்தாங்க தொறந்தேன். வெள்ளக்காரரும் இல்ல, பிரபுவும் இல்ல. ஒன்லைன்ல நானே வாங்குன டூப்ளிகேட். சும்மா வாங்கி வாங்கி வச்சிக்கப் புடிக்கும். டூப்ளிகேட்டுன்னா வீட்டுல சிரிப்பாங்கன்னு அப்புடி ஒரு கதை சொன்னேன். மாமா அத பிரபு வரைக்கும் கொண்டு போயிட்டாரு. நேத்து மணி முள்ளு லேசா கோணலா இருந்துச்சி, சரி பண்ணலாம்னு பின்பக்கம் கழட்டுனேன். மூடுன பொறவு பாத்தா இது மிஞ்சிப் போச்சு. எதுக்குன்னே தெரியலீங்க."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே தலைமயிர் மாதிரி மெலிந்த கறுப்பு வளையம் ஒன்று கிடந்தது. அதைச் சுலக்ஷனாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"பாக்கத்தான் வந்தோம், அதுக்குள்ள மோதிரமா?" என்றார் வினோஜனின் அம்மா. அவருக்கு நடப்பது இன்னும் பிடிபடவில்லை.

"நல்ல வேள, வீசாம வச்சிருக்கீங்க," என்றாள் சுலக்ஷனா. அப்போதுதான் அவன் முகத்தை முதல்முறையாக நேரே பார்த்தாள். போட்டோவைவிட நன்றாகவே இருந்தான். "இப்பவே போட்டுறலாம். அம்மா, பெட்டி எங்கம்மா?"

"எந்தப் பெட்டி?" என்றாள் அழகம்மா.

"அம்மா!"

"எனக்கு ஒரு பெட்டியும் தெரியாது."

அப்பா மெல்ல எழுந்து கொல்லைப் பக்கம் போனார். கோழிக்கூட்டிலிருந்து ஒரு கலவரம் கேட்டது. தலையில் ஒரு சிறகோடும் கையில் பிஸ்கட் பெட்டியோடும் திரும்பி வந்தார். அழகம்மா அவரைப் பார்த்த பார்வையில் கல்லும் கரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு அங்கே யாரும் யாரையும் பெண் பார்க்கவில்லை. மேசையிலிருந்த வடைத் தட்டு நகர்ந்தது, வெள்ளைத் துணி விரிந்தது. சுலக்ஷனா ஒட்டுகிற ரப்பர் பந்தைக் கடிகாரத்தின் முதுகில் அழுத்தித் திருகினாள். மூடி சுழன்று கழன்றது. பார்லரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த முடி காயவைக்கிற மெஷினைச் சூடு குறைத்துத் தூரப் பிடித்து, ஈரத்தை உலர்த்தினாள். வினோஜன் தரையில் மண்டிபோட்டு மேசையில் நாடியை ஊன்றிக்கொண்டான்.

"மூச்சு விடாதீங்க. தூசி போவும்."

"சரிங்க."

"பேசவும் கூடாது."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பக்கத்தில் நின்ற செல்லசாமியும், யாரும் சொல்லாமலே, வாயைப் பொத்திக்கொண்டார். அவரை அப்படி யாரும் பார்த்ததேயில்லை. சுலக்ஷனா வளையத்துக்கு மசகு தடவி, இடுக்கியால் தூக்கி, பள்ளத்துக்குள் சுற்றிவரப் படியவைத்து, மூடியை இறுக்கினாள். கடிகாரத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துச் சூடாக்கினாள். டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தொட்டுக் கண்ணாடியில் விட்டாள்.

எல்லாத் தலையும் மேசைக்கு மேல் கூடின. சொட்டு உருண்டு நின்றது. கண்ணாடிக்குள் புகை எதுவும் படரவில்லை. டயல் பளிச்சென்று தெரிந்தது.

"பொழச்சிருச்சி!" என்று கத்தினார் செல்லசாமி.

வினோஜன் எழுந்து நின்று சிரித்தான். மனசு விட்டுச் சிரித்த சிரிப்பு. அவன் அம்மா மகனையும் பார்த்து, எதிரில் மூக்கு நுனியில் மசகோடு நிற்கிற பெண்ணையும் பார்த்தார். அவருக்கு இப்போது எல்லாம் பிடிபட்டுவிட்டது.

"உன்னயக் கேக்கவே தேவயில்ல, பல்லு அத்தனையும் தெரியுது. புள்ள, நீ சொல்லும்மா. எங்க தம்பியப் புடிச்சிருக்கா?"

சுலக்ஷனா பெட்டியின் மேல் கையை வைத்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்ல முடியாது.

"புடிச்சிருக்குங்க. ஆனா நான் வந்தா இந்தப் பெட்டியும் என்கூட வரும். ஆத்துல போட மாட்டேன். அதுக்கு நீங்க சம்மதிக்கணும்."

"பெட்டியில அப்புடி என்னா இருக்கு?" என்று குனிந்த செல்லசாமி, கையை விட்டு ஒரு கடிகாரத்தை எடுத்தார். பிரபு போன துக்கத்தில் இருந்த மனுஷன், கண்ணருகே பிடித்து உற்றுப் பார்த்தார். "இது என்னாது, நெளியுது?"

"அட்டைங்க," என்றாள் சுலக்ஷனா பயந்துகொண்டே.

"அட்டையா!" நாற்பது வருஷம் தேயிலை மலையில் அட்டைக்கு ரத்தம் கொடுத்த கங்காணி அவர். சுற்றிவருகிற முள்ளைக் கண்ணாலேயே தொடர்ந்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமினார். "அடேயப்பா, அச்சு அசல் அட்டை! கடிச்சிருமோன்னு இருக்கே. எந்தப் பிரபு கையில இருக்கு இப்புடி ஒன்னு? இத யாரு செஞ்சது?"

போன வருஷம் இதே கேள்விக்குப் பதில் சொல்லித்தான் எல்லாம் கெட்டுப்போனது. சுலக்ஷனா அம்மாவைப் பார்த்தாள். பதில் அங்கிருந்து வந்தது.

"என் மகதான்," என்றாள் அழகம்மா. சுவரை விட்டு முன்னால் வந்திருந்தாள். "வேற யாரு? முள்ளக்கூட அவதான் தகரத்துல வெட்டுனா. அந்தச் சிவப்பு மொதத் தடவ கறுத்துப் போச்சி, சுரண்டிட்டா. ரெண்டாந்தடவ பாரம் கூடி முள்ளு தொங்கிருச்சி. மூனாந்தடவதான் நின்னுச்சி. நின்னப்ப ஒக்காந்து கை தட்டுனா, நான் குசினிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அம்மா ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை என்றுதான் சுலக்ஷனா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அழகம்மா செல்லசாமியின் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கி முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். அதை அவளே அவருடைய மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

"கெட்டிக்காரப் புள்ளைங்க இது," என்றாள்.