வாய்க்கூடு

பிரைடியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் எங்கள் ஊர் விலகி வழிவிடும். கைக்குழந்தைக்காரிகள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். இறைச்சிக்கடை ஃபின்டன், வாசலில் குறட்டை விடும் தன் சோம்பேறி நாயைக் காதைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவான். எல்லாம், கடிக்காமலிருக்க அவள் முகத்தில் மாட்டியிருக்கும் கம்பி வாய்க்கூட்டைப் பார்த்துத்தான். அதை எடுத்துவிட்டால், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு இருப்பதுபோல இரண்டு பெரிய கண்ணும் ஒட்டிய வயிறும்தான் அவளிடம் மிச்சம்.

"கடிக்கிற நாயாமே, மலக்கி?" என்று கேட்பார்கள்.

இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் முழு உரிமை உண்டு. அந்த ஒருத்தன் நான். நானோ, "எழுத்துல அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடப்பேன். அந்த எழுத்தே என் வாயிலிருந்து வந்ததுதான்.

எங்கள் ஊர் நாய்ப் பந்தயத் திடலில் பத்தொன்பது வருஷமாக முயல் ஓட்டினவன் நான். உயிருள்ள முயல் இல்லை. துணியில் செய்து தண்டவாளத்தில் ஓட விடுவது. மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டு கைப்பிடியைத் தள்ளினால் முயல் பறக்கும், அதன் பின்னால் ஆறு வேட்டைநாய்கள் பறக்கும். வேலை இவ்வளவுதான். ஆனால் முதல் நாய்க்கும் முயலுக்கும் நடுவில் பன்னிரண்டு கஜம் எப்போதும் இருக்க வேண்டும். தூரம் போனால் நாய் சலித்துப்போகும். கிட்டே வந்தால் எட்டிப் பாயும். வளைவில் எட்டிப் பாய்ந்தால் கால் போச்சு.

எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஏழெட்டுக் கஜத்திலேயே ஓட்டுவேன். "மலக்கி முயலை மூக்கு நுனியிலயே வச்சிருப்பான்டா" என்று கீழே கூட்டம் கத்தும். அதைக் கேட்பதற்காகவே ஓட்டினேன் என்றால் பொய்யில்லை.

சென்ற அக்டோபரில் ஒரு மழை நாள், மூன்றாம் பந்தயம். முன்னால் வந்துகொண்டிருந்தவள் பிரைடி. வளைவுக்கு வரும்போது முயல் அவள் மூக்கிலிருந்து மூன்றே கஜம். கைப்பிடியைத் தள்ள ஒரு நொடி பிந்திவிட்டேன். அவள் பாய்ந்தாள், தடுமாறினாள், பின்னால் வந்த நாய் அவள் மேல் மோதியது. பந்தயமெல்லாம் இடப்பக்கமாகவே வளையும், அதனால் உடம்பின் பாரமெல்லாம் வலது பின்னங்காலில்தான் விழும். அந்தக் காலின் கணுதான் முறிந்தது. அவள் கத்திய சத்தம் கண்ணாடிக்குள்ளும் கேட்டது.

அதிகாரிகள் அறைக்குக் கூப்பிட்டார்கள். கேமராக் கண்ணாடியில் மழைத் தண்ணீர், படத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மேல இருந்து நல்லாப் பார்த்தவன் நீதான். என்ன ஆச்சு?" என்றார்கள்.

நான் சொன்னேன்: "தலையைத் திருப்பிப் பக்கத்து நாயைக் கடிக்கப் போனா. அதுலதான் விழுந்தா."

ஏன் சொன்னேன்? பயம். அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டால் நான் யார் என்ற பயம். நாய் மறுத்தா பேசப்போகிறது? ஓடும் நாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளப் புத்தகம் உண்டு. அவள் புத்தகத்தில் 'சண்டைக்காரி' என்று சிவப்பு மையில் எழுதி முத்திரை குத்தினார்கள். உடைந்த காலும் சிவப்பு மையும் உள்ள நாய் சொந்தக்காரனுக்கு எதற்கு? அநாதை நாய்களை எடுத்து வளர்க்கும் இல்லத்தின் வாசலில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்த இல்லத்துக்காரர்கள் அவள் படத்தை மளிகைக்கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். 'சாதுவானவள், ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வீடு தேவை.' நவம்பரில் ஒட்டியது பிப்ரவரியிலும் அங்கேயே இருந்தது. பால் வாங்கப் போகும்போதெல்லாம் பார்த்தேன். பிறகு பால் வாங்க அடுத்த ஊருக்குப் போனேன். அப்படியும் முடியாமல் ஒரு நாள் இல்லத்துக்கே போய்விட்டேன்.

அதை நடத்துகிற ஓர்லா சின்னப் பெண், கறார்க்காரி. "வீட்டுல வேற நாய், பூனை?"

"ஒண்ணும் கிடையாது. நானும் என் பொண்டாட்டியும்தான்."

"அப்போ குடுக்கலாம். இவ புத்தகத்துல ஒரு குறிப்பு இருக்கு, அதனால மத்த நாய் இருக்கிற வீட்டுக்குக் குடுக்க மாட்டோம். வெளிய கூட்டிட்டுப் போனா வாய்க்கூடு கட்டாயம். எலும்புல தகடு வச்சது சீழ் பிடிச்சு, மறுபடியும் கிழிச்சு வச்சிருக்கு. இன்னும் ஆறு வாரம் ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது. கட்டு மாத்தணும். செய்வீங்களா?"

"செய்றேன்."

"எங்ககிட்ட ஒரு தடவைகூட உறுமினதில்ல, பாவம். ஆனா எழுத்துல இருக்கே, என்ன பண்றது?"

பிரைடி நொண்டிக்கொண்டு வந்து என் தொடைமேல் உடம்பு முழுவதையும் சாய்த்து நின்றாள். இந்தச் சாதி நாய்கள் அப்படித்தான், பிடித்தவர்கள் மேல் சாய்ந்துகொள்ளும்.

வீட்டில் என் மனைவி டிம்ப்னா வாயைப் பிளந்தாள். "நாயின்னா கொட்டகையில இருக்கணும்னு முப்பது வருஷமாப் பாட்டுப் பாடின மனுஷனா இது?" சொன்னவள், சாயங்காலத்துக்குள் தன் நல்ல கம்பளியை அடுப்போரம் விரித்துவிட்டாள். சோடா மாவு ரொட்டியில் வெண்ணெய் தடவி, முதல் துண்டு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? எனக்கில்லை.

கட்டு மாற்றுவது என் வேலை. ஒட்டியிருக்கும் துணியை நனைத்து நனைத்துப் பிரிக்க வேண்டும். உள்ளே தகடு, ஆறு திருகாணி, மேலே ஒரு ஜாண் தையல். எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் வலிக்கும். அப்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொள்வாள். உடம்பு நடுங்கும், சத்தம் வராது.

இப்போது சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் டிம்ப்னா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். கட்டைப் பிரிக்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக இழுத்தேன். இழுத்துவிட்டு, என் இன்னொரு கையை அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். கடிடி. ஒரே ஒரு தடவை கடி. கடித்துவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும், நானும் நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அவள் ஒரு முனகல் முனகிவிட்டு, அந்தக் கையையே நக்கினாள். சீ, என்ன பிறவி நான்! தரையில் உட்கார்ந்து அழுதேன். அதற்கும் வந்து என்மேல் சாய்ந்தாள்.

"குற்றவாளி மாதிரி அந்தக் காலைத் தொடைக்கிறியே, என்ன விஷயம்?" என்று டிம்ப்னா ஒரு தடவை கேட்டாள். "வயசாச்சு, கண்ணு தெரியல" என்று மழுப்பினேன்.

கால் கூடிவந்தது. ஏப்ரலில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, "நல்லா ஒட்டிடுச்சு" என்றார். அந்த சந்தோஷத்தோடு அவர் வாசலில் இறங்கும்போதுதான் நோரீன் கெஹோ எதிரே வந்தாள். மலையடிவாரத்தில் பந்தயக் குட்டிகளை வளர்த்துக் கொடுக்கிறவள். கையில் ஒரு கிழட்டு நாய்க்கு மருந்துச் சீட்டு.

நான் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் பிரைடி பார்த்துவிட்டாள். புதுக்கால், தகடு எல்லாம் மறந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரு ஓலம் போட்டாள். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை.

"ஐயோ, என் கண்ணே! நீயாடி இது?" நோரீன் ஈரத் தரையில் மண்டியிட்டாள். வாய்க்கூட்டுக் கம்பி கன்னத்தில் குத்தக் குத்த அணைத்துக்கொண்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவளைப் புட்டிப்பால் குடுத்து வளர்த்தவ நான், மலக்கி. எனக்குக் குடுங்கன்னு அந்த இல்லத்துல போய்க் கெஞ்சினேன். வீட்டுல இவ அம்மா இருக்கா, அதனால முடியாதுன்னுட்டாங்க. சண்டைக்காரியாம்! தட்டுல இருக்கிறதை மத்த குட்டிக்கு விட்டுட்டுக் கடைசியாத் திங்கிறவ இவ. எந்தப் பாவி சொன்னானோ, அவன் வாய் அழுகிப் போக."

நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"நீதானே அன்னிக்குப் பெட்டியில இருந்த? நீயே சொல்லு. இவ கடிக்கப் போனாளா?"

அவ்வளவு நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. ஒரே வார்த்தை, இல்லை. அதைச் சொன்னால் பெட்டி போகும், மானம் போகும். அதைவிட, நாய் போகும். வேறு நாய் இல்லாத வீடு என்பதால்தானே அவள் எங்களிடம் இருக்கிறாள்? என் பொய்தான் அவளை எனக்குக் கொடுத்திருந்தது.

"மழை, நோரீன்," என்றேன். "சரியாத் தெரியல."

நோரீன் தலையாட்டினாள். "அதான், பார்க்காதவங்க எப்படிச் சொல்ல முடியும்? நீ நல்லவன். நல்ல எடத்துலதான் வந்து சேர்ந்திருக்கா," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அடித்திருந்தால் பரவாயில்லை. பிரைடி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கித்தான் காரில் ஏற்ற வேண்டியிருந்தது.

அன்று அவள் ரொட்டி தின்னவில்லை. மறுநாளும் இல்லை. கதவைப் பார்த்தே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த டிம்ப்னாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று கஜம், அதிகாரிகள் அறை, நோரீனிடம் சொன்ன மழை, கடிக்கச் சொல்லிக் கையை நீட்டியதைத் தவிர எல்லாம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கெட்டிலைக் கீழே வைத்தாள். "ஆறு மாசமா இதைத் தெருவுல கூட்டிட்டுப் போனப்ப, பிள்ளைங்க பயந்து ஓடறதைப் பார்த்துட்டு நானும் இதையே அதட்டியிருக்கேன். சும்மா நட, யாரையும் பார்க்காதேன்னு," என்றாள்.

"ரெண்டு மாசம்தான் ஆச்சு, டிம்ப்னா."

"கணக்குச் சொல்றியா நீ? அது வாயை நீ கட்டி ஆறு மாசம் ஆச்சு."

நான் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"என்கிட்ட சொல்லிட்டு பாரத்தை இறக்கி வச்சுடலாம்னு பார்க்காதே, மலக்கி. யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு." பிறகு நாயைத் திரும்பிப் பார்த்தாள். "போனா இவ நமக்கு இல்லேன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

திடலுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். பெட்டிச் சாவியையும் அந்த மேசைமேலேயே வைத்தேன், அவர்கள் கேட்பதற்கு முன்னால். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாளில் அவள் புத்தகத்தில் சிவப்பு வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு ஓர்லாவிடம் போனேன். அவள் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். "நாலு மாசம் இவளைத் தனிக் கூண்டுல வச்சிருந்தேன். பக்கத்துல ஒரு நாயை விடல," என்று மட்டும் சொன்னாள். நோரீனின் விண்ணப்பம் அவள் அலமாரியில் அப்படியே இருந்தது. பிரைடியைக் கொண்டுபோய் விட நானே போகிறேன் என்றேன்.

டிம்ப்னா வாசல்வரை வந்து கம்பளியை மடித்துக் காரில் வைத்தாள். "ரொட்டி ஓரம்தான் பிடிக்கும்னு சொல்லு," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நோரீனின் வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டே சொல்லி முடித்தேன். நான் முடித்ததும் அவள் குனிந்து, பழக்கத்தில் நான் மாட்டிவிட்டிருந்த பிரைடியின் வாய்க்கூட்டு வாரைக் கழற்றினாள். வார் பட்ட இடத்தில் மயிர் தேய்ந்து, மூக்கின் மேல் ஒரு வெளுத்த கோடு தெரிந்தது. அதை நோரீன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

முற்றத்தில் பிரைடியின் கிழட்டுத் தாய் தட்டில் வாய் வைத்திருந்தது. பிரைடி நொண்டாமல் போனாள். மகளும் தாயும் மோந்து பார்த்துக்கொண்டார்கள். நோரீன் இன்னொரு தட்டை வைத்தாள். மூன்று நாள் பட்டினி போதாதென்று அப்புறம் பத்து நாளும் அரைவயிறாகக் கிடந்தவள், அந்தத் தட்டின் பக்கத்தில் போய் நின்றாள். தாய் தின்று முடித்து, மகள் தட்டிலும் பாதியைத் தின்றுவிட்டு நகரும்வரை காத்திருந்தாள். பிறகுதான் குனிந்தாள்.

நோரீன் அதைப் பார்த்தாள். நான் பார்க்கிறேனா என்றும் பார்த்தாள்.

தின்று முடித்த பிரைடி கேட்டுக்கு வந்து, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றாள். எப்போதும் சாய்வது போலத்தான். அவளிடம் எனக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

"மன்னிச்சிடு, நோரீன்," என்றேன்.

"என்கிட்ட ஏன் கேட்கிற?" என்றாள். கையிலிருந்த வாய்க்கூட்டைக் கம்பிக்கு மேலாக நீட்டினாள். "இதை எடுத்துட்டுப் போ. இது உன்னோடது."

வாங்கிக்கொண்டேன்.